வீட்டு இணைப்பில் மெயில் போகவில்லை: பிசினஸ் பிளான் வாங்கணுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே உதிரிபாக வியாபாரம் செய்கிறேன். புதிய ஃபைபர் இணைப்புக்கு மாறியதிலிருந்து பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து இன்வாய்ஸ் மெயில் போவதில்லை. வரும் மெயில் ஒழுங்காக வருகிறது. ஸ்டேட்டிக் ஐபியோடு (மாறாத இணைய முகவரி) பிசினஸ் பிளான் எடுத்தால்தான் சரியாகும் என்கிறது கஸ்டமர் கேர். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் இணைப்பில் 25-ம் எண் போர்ட்டை (மெயில் வெளியே போகும் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) அடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மெயில் உள்ளே வரும் வழி வேறு என்பதால் அதில் தொந்தரவு இல்லை.

சாஃப்ட்வேரின் மெயில் செட்டிங்கில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) போர்ட் 25 என்று இருந்தால் 587 ஆக்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் போர்ட் 465, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல். யூசர்நேமும் பாஸ்வேர்டும் கட்டாயம். ஜிமெயில் கணக்கென்றால் வழக்கமான பாஸ்வேர்ட் எடுபடாது. இரண்டு படி சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் (இதுபோன்ற சாஃப்ட்வேருக்கென்று கூகுள் தரும் தனி பாஸ்வேர்ட்) உருவாக்கி அதைப் போடுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிசிடிவி அலர்ட், ஸ்கேனரிலிருந்து போகும் மெயில் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

25-ஐ அடைப்பதில் தப்பில்லை. அது மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி; பாஸ்வேர்ட் கேட்காது. வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அதன் வழியே ஸ்பேம் மெயிலைக் கொட்டும். அப்புறம் இணைப்பு தரும் நிறுவனத்தின் ஐபி முகவரிகளே ஸ்பேம் அனுப்புவோரின் கறுப்புப் பட்டியலுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரரின் மெயிலும் திரும்பி வரும். நம்மைப் போன்றவர்கள் அனுப்புவதற்கென்றே 1998-இல் 587-ஐ ஒதுக்கினார்கள்.

ஆனால் இந்த அடைப்பை இணைப்பு விற்கும்போது சொல்லாமல் மறைத்து, பிறகு அதையே காட்டி விலை கூடிய பிளானைத் தள்ளுவது நியாயமே இல்லை. எந்தெந்த போர்ட் அடைபட்டிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

வீட்டிலேயே சொந்த மெயில் சர்வர் நடத்துவதாக இருந்தால் மட்டும் பிசினஸ் பிளானை யோசிக்கலாம். அப்போதும் ஸ்டேட்டிக் ஐபி மட்டும் போதாது. 25-ஐத் திறந்துவிடுவார்களா, உங்கள் டொமைன் பெயருக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி முகவரியிலிருந்து டொமைன் பெயரைக் காட்டும் பதிவு) அமைத்துத் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே மெயிலில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.