எலும்புக்குள் பாலிமர்: வாசகர் கேள்விகள்

தெம்பனிஸ் வாசகி: இரத்தக்கட்டியை அகற்ற அப்பாவின் மண்டையோட்டில் துளையிட்டு, கரையும் வில்லையால் மூடியிருக்கிறார்கள். கரைந்த பிறகு ஓட்டை திறந்துகொள்ளாதா?

கரைவதற்காகவே செய்த வில்லை அது. பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர், அதாவது உடலில் கரையும் ஒருவகைப் பிளாஸ்டிக். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் உருவாக்கியது. 2006இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. இடியாப்பம் பிழிவதுபோல் உருகிய பாலிமரை நூல்நூலாக, அடுக்குக்கு அடுக்கு திசை மாற்றி இடுவார்கள். இடைவெளிகளில் இரத்தம் ஊறும், செல்கள் குடியேறும், எலும்பு வளரத் தொடங்கும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதில்லையா? அப்படித்தான், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பாலிமர் சிதைந்து மறையும். வயதானவர்களுக்கு எலும்பு மெதுவாக வளரும் என்பதால் மறுபரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். இந்தப் பாலிமரின் ஒரு துண்டைக் கொதிநீர்க் குவளையில் போட்டால் கண்ணாடிபோல் தெளிந்து களிமண்ணாகக் குழையும். உருகுநிலை 60 டிகிரிதான். காய்ச்சல் வந்தால் உருகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

பிடோக் வாசகர்: எலும்புக்குள் வைக்கும் இத்தகைய உள்வைப்புகளில் மாட்டு எலும்பு, பன்றிப் பொருள் கலந்திருக்குமா?

இந்துக்களும் முஸ்லிம்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். மேலே சொன்ன பாலிமரும், அதனுடன் சேர்க்கும் டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற கால்சியம் உப்பும் ஆலையில் செய்யப்படுபவை. ஆனால் பல் மருத்துவத்தில் இடும் எலும்புத்தூள் சில மாட்டெலும்பைப் பதப்படுத்தியவை; கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வுகள் சில பன்றியிலிருந்து வருபவை. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன் "இதன் மூலம் என்ன?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். பெரும்பாலும் மாற்று இருக்கும்.

ஈசூன் வாசகர்: டைட்டானியத்தைவிட பிளாஸ்டிக் வலுவானதா?

இல்லை. அதுவே சில இடங்களில் நன்மை. டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). கெட்டியான எலும்புக்கு 20 அளவில்தான். சுமையை எல்லாம் உலோகமே தாங்கிக்கொண்டால், வேலையற்ற எலும்பு மெலிந்துபோகும். கார்பன் இழை கலந்த பீக் (PEEK) என்ற கரையாத பாலிமர் எலும்புக்கு நெருக்கமான விறைப்புடையது. எக்ஸ்ரே படத்தையும் மறைக்காது.

உட்லண்ட்ஸ் வாசகி: எலும்பையும் வளர்த்துப் புற்றுநோயையும் அழிக்கும் உள்வைப்பு வந்துவிட்டதாமே?

வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, அறுவை அரங்குக்கு வரவில்லை. புற்றுநோய் மருந்தைக் கசியவிடுவதும், ஒளிபட்டுச் சூடேறிக் கட்டியைச் சுடுவதும் பெரும்பாலும் ஆய்வக, விலங்குச் சோதனை நிலையிலேயே உள்ளன. கிருமியை எதிர்ப்பதோ பழைய கதை: செயற்கை மூட்டை எலும்போடு பிடித்துவைக்கும் எலும்புச் சிமென்ட்டில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலப்பது 1970களிலிருந்தே உண்டு. அந்தச் சிமென்ட் இறுகும்போது கடுமையாகச் சூடேறும். வெப்பம் தாங்கும் மருந்துதான் அதற்கு ஒத்துவரும்.

பொங்கோல் வாசகர்: உள்வைப்பு இருந்தால் சாங்கி விமான நிலையத்தில் சோதனைக் கருவி ஒலிக்குமா?

பாலிமருக்கு ஒலிக்காது. அதைப் பிடித்திருக்கும் திருகுகள் உலோகமென்றால் ஒலிக்கலாம். உள்வைப்பு அட்டை கொடுத்திருந்தால் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.