நோன்பு முகமும் அம்மாவும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பெற்றோருக்கு ஒரே பெண். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். அம்மா கொண்டுவந்த சாமான்களில், வரலட்சுமி நோன்பன்று லட்சுமியாகக் கலசத்தில் வைத்துக் கட்டுகிற அம்மன் முகமும் ஒன்று. பாட்டி காலத்து வெள்ளி முகம். பழைய பட்டுத் துணியில் சுற்றி, பத்திரமாக அரிசி டப்பாவுக்குள் வைத்து எடுத்து வந்தாள்.

வருஷம் ஆகாததால் போன முறை நோன்பு இல்லை. இப்போது வருஷாப்திகம் முடிந்துவிட்டது. இந்த முறை நான் அம்மனை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். பெரியம்மா கூடாது என்கிறார். "உன் புக்ககத்தில் நோன்பு வழக்கம் இல்லை. பிறந்த வீட்டு நோன்பைப் பெண் எடுத்துக்கொண்டு போக முடியாது. முகத்தைக் கோயிலில் கொடுத்துவிடு" என்கிறார். மீறி நான் நோன்பு செய்தாலும் அம்மா பூஜை நடக்கிற இடத்துக்கு வரக் கூடாதாம், கையில் நோன்புச் சரடு கட்டிக்கொள்ளக் கூடாதாம். உள்ளே இருந்து சமைத்துக் கொடுக்கலாமாம். அம்மாவோ, "எனக்கென்ன, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். ஊரில் இருக்கும் மாமியாரைப் போனில் கேட்டேன். "இஷ்டமிருந்தால் செய்ம்மா" என்றார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் போடும் அலங்காரங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அவ்வளவு செலவு செய்ய எனக்கு வசதி இல்லை, வெள்ளிக்கிழமை லீவும் இல்லை. சுருக்கமாகச் செய்தால் குறையா?

வி., சென்னை

*

அன்புள்ள வி.,

செய்யுங்கள். முகத்தைக் கோயிலில் கொடுக்க வேண்டாம். அம்மா உள்ளே இருக்கவும் வேண்டாம்.

உங்கள் பெரியம்மா சொல்வதில் முதல் பாதிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். தமிழ்நாட்டில் இந்த நோன்பு எல்லார் வீட்டிலும் இல்லை. தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் வீடுகளில் பரவலாக உண்டு. திருச்சானூரிலும் ஸ்ரீசைலத்திலும் கோயிலிலேயே பெண்கள் திரளாகக் கூடிச் செய்கிறார்கள். நம் பக்கத்தில்தான் "உங்களுக்கு வழக்கம் உண்டா?" என்று கேட்பது. புக்ககத்தில் வழக்கம் இருந்தால் தலை நோன்புக்குப் பிறந்த வீட்டிலிருந்து முகம் வாங்கிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் பேச்சே எழாது. இதன் அடியில் இருப்பது ஒரு பயம். எடுத்த நோன்பை விடக் கூடாது, அதனால் தொடர்ந்து செய்ய முடியுமா என்று தெரியாமல் புதிதாக எடுக்கவும் கூடாது. நியாயமான பயம்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அது பெரியம்மாவின் பேச்சுக்கு நேர் எதிராக நிற்கிறது. உங்கள் பாட்டி செய்து, அம்மா செய்து, இரண்டு தலைமுறையாக வந்த நோன்பு அது. நீங்கள் எடுக்காவிட்டால்தான் விட்டுப்போகும். மாமியாரும் சம்மதம் சொல்லிவிட்டார். வேறு யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?

பூஜை முடிந்ததும் படிக்கிற கதையை இந்த முறை கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவசரத்தில் கடகடவென்று படித்து, அட்சதை போட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். சிவன் பார்வதிக்குச் சொல்கிற கதை. மகத நாட்டில் குண்டினம் என்ற ஊர். அங்கே சாருமதி என்ற பெண். லட்சுமி அவள் கனவில் வந்து, சிராவண மாதத்துப் பௌர்ணமிக்கு முந்தின வெள்ளிக்கிழமை தன்னைப் பூஜை செய்யச் சொல்கிறாள். விடிந்ததும் சாருமதி கணவனிடம் சொல்கிறாள், மாமனார் மாமியாரிடம் சொல்கிறாள். அதோடு நிற்காமல் ஊர்ப் பெண்களிடமெல்லாம் சொல்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் அவள் வீட்டில் கூடுகிறார்கள். தரையை மெழுகி, மண்டபம் வைத்து, அரிசி பரப்பி, கலசம் வைத்துப் பூஜிக்கிறார்கள். பிறகு வலம் வருகிறார்கள். முதல் சுற்றில் காலில் சலங்கை ஒலிக்கிறது, இரண்டாவது சுற்றில் கைகளில் நவரத்தினக் கங்கணங்கள் மின்னுகின்றன, மூன்றாவது சுற்றில் உடம்பெல்லாம் நகை. சாருமதிக்கு மட்டும் இல்லை, வலம் வந்த அத்தனை பேருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது. வீடு திரும்பும் வழியில் அந்தப் பெண்கள் சாருமதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். அவள் நினைத்திருந்தால் கனவை யாருக்கும் சொல்லாமல் தான் மட்டும் பூஜை செய்து, தான் மட்டும் பலன் அடைந்திருக்கலாமே, நம்மையும் கூப்பிட்டாளே என்று மெச்சுகிறார்கள். தெலுங்குப் புத்தகங்களில் அச்சாகியிருக்கும் கதையில் நான்கு வருணத்தாரும் இந்த விரதத்தைச் செய்யலாம் என்று சிவன் வாயாலேயே வருகிறது. ஐசுவரியம் வேண்டிச் செய்கிற ஒரு பூஜையின் கதை, "எனக்குத் தெரிந்ததை உனக்கும் சொன்னேன்" என்பதைத்தான் அந்தப் பெண்ணின் பெருமையாகச் சொல்கிறது. இப்படிப்பட்ட கதையைப் படித்துவிட்டு, அதே வீட்டில் இருக்கிற அம்மாவை அடுக்களையில் நிறுத்தி வைக்க முடியுமா?

சுமங்கலிகளுக்கென்று சொல்லப்பட்ட விரதம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பார்வதி கேட்பதே பெண்களுக்குச் சகல சௌபாக்கியமும் தருகிற விரதம் எது என்றுதான். ஆனால் சரடு கட்டிக்கொள்ளும்போது சொல்கிற சுலோகத்தைப் பாருங்கள். ஒன்பது இழை, ஒன்பது முடிச்சு, வலது மணிக்கட்டு. கட்டிக்கொண்டே லட்சுமியிடம் கேட்பது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செழிக்க வேண்டும், எனக்குச் சௌபாக்கியம் தா என்பது. இதைக் கேட்க உங்கள் அம்மாவைவிட உரிமை யாருக்கு? நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் குடும்பம் இருக்கிறது. அப்பா போனதால் அம்மாவுக்கு வேண்டிக்கொள்ள எதுவுமே இல்லாமல் போய்விட்டதா?

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார், என் அப்பாவின் அத்தை. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். நோன்புக் கொழுக்கட்டைக்கு மாவு அவர் கையால்தான் தயாராகும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலிப்பார். கொதிக்கிற தண்ணீரில் உப்பும் நல்லெண்ணெயும் விட்டு மாவைக் கிளறி, ஈரத்துணி போட்டு மூடிவைப்பார். அவர் பிடிக்கிற சொப்பு அவ்வளவு மெல்லிசாக இருக்கும், வெந்ததும் உள்ளே இருக்கிற பூரணத்தின் நிறம் வெளியே தெரியும். சாயங்காலம் தெருப் பெண்கள் வெற்றிலை பாக்குக்கு வர ஆரம்பித்ததும் அவர் கொல்லைப் பக்கம் போய்விடுவார். யாரும் போகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவராகவே எழுந்து போவார். அம்மா ஒரு இலையில் கொழுக்கட்டையும் சுண்டலும் வைத்துக் கொடுத்து அனுப்புவாள், நான்தான் கொண்டுபோவேன். தான் செய்ததையே தனக்குக் கொண்டுவந்து கொடுக்கிற குழந்தையிடம் அவர், "அம்மனுக்குக் கண் நன்றாக அமைந்ததா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நான்கு அடி நடந்து வந்து அவரே பார்த்திருக்கலாம்.

உங்கள் அம்மா "எனக்கென்ன" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றும் இல்லாதவள் அந்த முகத்தைப் பட்டில் சுற்றி, பொறுக்கி எடுத்த சாமான்களோடு கொண்டுவந்திருக்க மாட்டாள். அதே சமயம், நோன்பன்று நாலு பேர் பார்க்க "வாம்மா, சரடு கட்டிக்கோ" என்று கையைப் பிடித்து இழுக்கவும் செய்யாதீர்கள். அவளுக்கு அது தண்டனையாகிவிடும். முன்னாலேயே, வீட்டில் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். அவளுக்கே சரடு வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். பல வருஷமாக மனசில் ஊறினது ஒரு வாரத்தில் மாறாது. ஆனால் உங்கள் கையில் சரடு கட்டுவது அம்மாவாக இருக்கட்டும். அதற்கு அவள் சம்மதிப்பாள் என்றே நினைக்கிறேன்.

முகத்தை வைத்துக் கட்டுகிற வேலையையும் அவளிடமே விடுங்கள். அது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. சொம்பில் பச்சரிசி, கொஞ்சம் பருப்பு, விரலி மஞ்சள், எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கு, நாணயம், காதோலை கருகமணி எல்லாம் போட்டு, மாவிலை செருகி, மஞ்சள் பூசின தேங்காயை மேலே உட்கார வைப்பார்கள். முகத்தின் ஓரத்தில் இருக்கிற ஓட்டைகளில் நூல் கோத்து, தேங்காயைச் சுற்றிப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும். நூல் தளர்ந்தால் அம்மன் தலை குனிந்துவிடுவாள், கூடுதலாக இழுத்தால் முகம் மேலே பார்க்கும். அரிசி குறைந்தாலும் தேங்காய் ஆடும். முதல் தடவை செய்கிறவர்கள் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி அலுத்துப்போவார்கள். அந்தக் குறிப்பிட்ட முகத்துக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது உங்கள் அம்மாவின் விரலுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

அலங்காரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் அம்மனுக்குக் கை, கால், ஜடை, தயாராக மடித்துத் தைத்த சேலை என்று எல்லாமே கிடைக்கிறது. செய்கிறவர்கள் ஆசையாகச் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் பல வீடுகளில் வெள்ளி முகமே கிடையாது. சுவரில் வெள்ளையடித்து அம்மன் படம் எழுதுவார்கள். இல்லையென்றால் சொம்பின் மேல் சுண்ணாம்பு பூசி, மஞ்சளாலும் குங்குமத்தாலும் கண்ணும் மூக்கும் எழுதுவார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் லட்சுமி வராமல் போனாளா? உங்களிடம் பாட்டி வைத்திருந்த முகமே இருக்கிறது, மேற்கொண்டு எதுவும் வாங்க வேண்டாம். நோன்புக்கு முந்தின நாட்களில் மல்லியும் கனகாம்பரமும் விலை எகிறிவிடும். சரம் கொஞ்சம், ஒரு தாமரை, ஒரு சின்னத் துண்டு தாழம்பூ போதும். நைவேத்தியத்துக்கு வெல்லப் பூரணக் கொழுக்கட்டையும் பாயசமும் இருந்தால் நிறைவுதான். உளுந்துக் கொழுக்கட்டை, வடை, அப்பம், இட்லி எல்லாம் முடிந்தால் செய்கிறது.

லீவு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30-க்குத் தொடங்குவதற்கு முன்னால் செய்தே ஆக வேண்டும் என்று ஓட வேண்டாம். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு நிதானமாகச் செய்யலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கலசத்தை முந்தின நாள் ராத்திரியே ஜோடித்து வைத்துவிடுங்கள். வாசலில் இருந்து அம்மனை உள்ளே அழைக்கும்போது இரண்டு பேராகத் தூக்கி வாருங்கள், நீங்கள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். சனிக்கிழமை புனர்பூஜை, அதாவது மறுநாள் பூஜை செய்து, கலசத்தை வடக்கே சற்று நகர்த்தி, ராத்திரி அரிசி டப்பாவில் வைப்பது வரை அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தேதியை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-ல் ஆகஸ்ட் 25, ஆவணியில் வந்தது. 2025-ல் ஆகஸ்ட் 8, ஆடியிலேயே வந்துவிட்டது.

பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடித்தீர்களே, அதைத் தாம்பூலத்தில் போடுங்கள். அடுக்குமாடியில் யாரையெல்லாம் கூப்பிடுவது என்று பட்டியல் போடும்போது, கணவர் இல்லாதவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், பிரிந்து வாழ்கிறவர்கள் என்று பேர் அடித்துக்கொண்டே போகாதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரையும் கூப்பிட்டு, பாயில் உட்கார வைத்து, எல்லாருக்கும் கொடுக்கிற அதே தட்டைக் கொடுங்கள். அவருக்கென்று சின்னத் தேங்காய், விலை குறைந்த ரவிக்கைத் துணி என்று தனியாக எடுத்து வைக்கக் கூடாது. பெரியம்மாவை நீங்களே போன் செய்து கூப்பிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம், "அம்மா கொழுக்கட்டை செய்கிறாள், வாங்கோ" என்றால் போதும். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். தங்கை வீட்டு நோன்பு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் மனசு அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு விலக்கு நாளாக அமைந்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையோ, நவராத்திரியில் வருகிற வெள்ளிக்கிழமையோ செய்யலாம் என்பது வழக்கம். அப்படியும் தள்ளிப்போடலாம். ஆனால் உங்கள் வீட்டில் எத்தனையோ வருஷம் இந்த நோன்பைச் செய்த ஒருவர் இருக்கிறார். என்னைக் கேட்டால் தேதியை மாற்ற வேண்டாம், அன்றைக்கு அம்மாவே அம்மனை எடுத்து வைக்கட்டும்.