இங்கிலாந்தில் பெற்றோரிடம் இல்லாமல் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு சோஷியல் ஒர்க்கர் இருக்கும்போது, தனியாக ஓர் அட்வகேட் எதற்கு?

சோஷியல் ஒர்க்கருக்குச் சம்பளம் தருவது கவுன்சில். பிள்ளை எந்த வீட்டில் தங்குவது, அம்மாவை எப்போது பார்ப்பது என்று முடிவெடுப்பதும் அதே கவுன்சில். அந்த முடிவு பிடிக்காத பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

அதற்குத்தான் அட்வகேட். கோர்ட்டில் வாதாடும் வக்கீல் இல்லை, பிள்ளை சொல்ல விரும்புவதை அதன் சார்பில் எடுத்துச் சொல்பவர். பிள்ளைக்குக் காசும் செலவில்லை. புகார் கொடுக்க நினைக்கும் பிள்ளைக்கு இந்த உதவியை ஏற்பாடு செய்வது கவுன்சிலின் கடமை என்கிறது 1989 சிறுவர் சட்டத்தின் 26ஏ பிரிவு. பணம் கட்டுவது கவுன்சில், வேலை செய்வது பெரும்பாலும் வெளியே இருக்கும் தொண்டு நிறுவனம். இதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது.

நான் லண்டனில் இந்த வேலைதான் பார்க்கிறேன். பிள்ளை பராமரிப்புக்கு வந்து 20 வேலை நாட்களுக்குள், பராமரிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் முதல் ரிவ்யூ கூட்டம், அடுத்தது மூன்று மாதத்துக்குள், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. சோஷியல் ஒர்க்கர், வளர்ப்புப் பெற்றோர், பள்ளியிலிருந்து ஒருவர், கூட்டத்தை நடத்தும் ரிவ்யூ அதிகாரி என்று எல்லாரும் பிள்ளைக்கு எது நல்லது என்று பேசுவார்கள். நான் மட்டும் அதைப் பேசக் கூடாது. "அண்ணன் இருக்கிற வீட்டுக்கே போகணும்" என்று ஒரு பையன் சொன்னால், எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் அதை அப்படியே அங்கே வைக்க வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை அவனிடம் முன்பே தனியாகப் பேசியிருப்பேன். அறிவுரை சொல்லியே பழகிய நம் ஆட்களுக்கு இந்த வேலையில் இதுதான் கஷ்டம்.

பிள்ளை சொல்வது எங்களோடு இருக்கும். யாருக்காவது பெரிய ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வோம். அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவோம்.

பலருக்கும் தெரியாத ஒன்று: வேறு வீட்டுக்கு மாற்றும் முடிவை எதிர்த்துப் பிள்ளை புகார் கொடுத்தால், விசாரணை முடியும்வரை அந்த மாற்றத்தை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்கலாம். அரசின் வழிகாட்டுதலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. மூட்டை கட்டிய பிறகு போன் செய்தால் எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

இலங்கையிலிருந்து தனியாக வந்து சேரும் நம் பிள்ளைகள் சிலர் மொழிபெயர்ப்பாளர் முன்னால் வாயே திறப்பதில்லை, ஊர்க்காரர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். வேறு ஆளைக் கேட்கலாம், நேரில் வேண்டாம் போனில் போதும் என்றும் சொல்லலாம். அட்வகேட் வேண்டும் என்று சோஷியல் ஒர்க்கரிடமோ ரிவ்யூ அதிகாரியிடமோ கேட்டால் போதும். அவர்களிடம் கேட்கத் தயக்கம் என்றால், கோரம் வாய்ஸ் (Coram Voice) என்ற தொண்டு நிறுவனத்தின் உதவி எண்ணைப் பிள்ளையே அழைக்கலாம்.