எட்டு மணி மாத்திரை, பத்தரை மணிப் பார்சல்

கேள்வி:
அம்மா, எனக்கு வயது 34. ஊட்டியில் ஃபிங்கர்போஸ்ட் பக்கம் வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். 71 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். போன மே மாதம் கணவரின் கல்லூரி நண்பர்கள் இருவர், மனைவியோடு சென்னையிலிருந்து வந்து காட்டேஜ் எடுத்து ஒரு வாரம் தங்கினார்கள். ஏழு ராத்திரியும் ஆறு பேருமாக வெளியில்தான் சாப்பிட்டோம். ஒரு நாள் தந்தூரி, ஒரு நாள் சைனீஸ், ஒரு நாள் சிஸ்லர், ஒரு நாள் பரோட்டா சால்னா, குன்னூர் போய் விறகடுப்பு பீட்சா... கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவ்வளவு சிரித்ததில்லை. அத்தைக்கும் எந்தக் குறையும் வைக்கவில்லை. எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார், நாங்கள் பத்து, பத்தரைக்குத் திரும்பும்போது அவருக்குத் தயிர் சாதம் பார்சல் வாங்கி வந்துவிடுவோம்.

ஏழு நாள் பில் 24,900 ரூபாய். அதில் ஐந்து நாள் பில், 18,900 ரூபாய், என் கணவர் கார்டில் போனது. ஒரு நண்பர் ஒரு நாள் 4,200, இன்னொருவர் ஒரு நாள் 1,800 கொடுத்தார். 'அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்' என்றவர்கள் பேச்சே எடுக்கவில்லை. டிசம்பரில் மறுபடி வருகிறார்களாம். கணவரோ, 'இந்தத் தடவை வெளியே வேண்டாம், வீட்டிலேயே சமைத்துவிடு' என்கிறார். அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? நண்பர்களிடம் மனம் நோகாமல் பணத்தை எப்படிக் கேட்பது?
– பெயர் வேண்டாம், உதகை

பதில்:
அன்பு மகளே,

நண்பர்கள், பில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கணவர். வேறு வேறு ஊர் முத்திரையோடு எனக்கு அடிக்கடி வரும் கடிதம்தான் இது. அதற்குப் பதில் கடைசியில் இருக்கிறது. நீ போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன இடம் ஒன்று இருக்கிறதே, முதலில் அங்கே நில்.

எட்டு மணிக்கு மாத்திரை, பத்தரைக்குச் சாப்பாடு. நடுவில் இரண்டரை மணி நேரம் அந்த அம்மாள் வயிற்றில் என்ன இருந்தது? உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாய். நீ சாப்பிட்டதைத் தந்தூரியிலிருந்து பீட்சாவரை வரிசை தப்பாமல் எழுதியிருக்கிறாயே! இதை எழுதிவிட்டு 'எந்தக் குறையும் வைக்கவில்லை' என்று வேறு சொல்கிறாய்.

அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துப் பார். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று, தனியாகவோ வேறு மருந்தோடு சேர்ந்த மாத்திரையாகவோ இருக்கிறதா? இந்த வகை மாத்திரை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காது. மாத்திரை உள்ளே போய், சோறு போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். 70-க்குக் கீழே போனால் லோ சுகர். வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு, இந்த மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். வெறும் மெட்ஃபார்மின் என்றால் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அதையும் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றைப் புரட்டும். எதுவானாலும் எட்டு மணி மாத்திரைக்கு எட்டு மணிச் சாப்பாடுதான். அளவைக் குறைப்பதோ நேரத்தை மாற்றுவதோ டாக்டரைக் கேட்காமல் நீயாகச் செய்யாதே.

உங்கள் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. லோ சுகர் வந்தால் கை நடுங்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும், சட்டென்று எரிச்சல் வரும். சமவெளியில் இருப்பவர்கள் பயந்துபோய் என்ன ஏது என்று பார்ப்பார்கள். ஊட்டியில், 'அத்தைக்குக் குளிருது' என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் படுக்கப் போவீர்கள். வித்தியாசம் உறுதியாகத் தெரியக் குளுக்கோமீட்டர்; சட்டென்று தெரிய ஒரு வழி, நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்ப்பது. குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்க்காது. நடுக்கமும் வியர்வையும் சேர்ந்து இருந்தால் அது சர்க்கரைதான் என்று வைத்துக்கொண்டு காரியத்தைப் பார். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடு. கால் மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்; 70-ஐத் தாண்டவில்லையென்றால் இன்னொரு தடவை அதே அளவு. ஏறிய பிறகு சாப்பாடு. சர்க்கரைத் தண்ணீரோடு விட்டுவிட்டால் மறுபடி இறங்கும்; இந்த வகை மாத்திரையில் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். அன்று ராத்திரி அவரைத் தனியாக விடக் கூடாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடு.

இது எதுவும் அந்த ஏழு நாளில் நடக்கவில்லையே என்பாய். நடந்ததா இல்லையா என்று பத்தரை மணிக்கு வந்து பார்சலை மேஜையில் வைத்த உனக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, அந்தத் தயிர் சாதம். மே மாதமானாலும் ஊட்டியில் ராத்திரி பத்தரைக்கு ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியாது. அந்த நேரத்தில், ஹோட்டலில் சாயங்காலமே கலந்து வைத்த தயிர் சாதம், காரில் இன்னும் அரை மணி ஆறி வருகிறது. வெந்த அரிசி குளிரில் இறுகும், பருக்கை விறைத்துவிடும், தயிர் அதில் உறிஞ்சப்பட்டுக் கட்டியாக நிற்கும். பல் தேய்ந்த 71 வயதில் அதை மென்று விழுங்கவேண்டும். நீயாக இருந்தால் தொட்டிருப்பாயா? ஏன் தயிர் சாதம் என்று நான் சொல்லட்டுமா? கவுன்ட்டரில் நின்றபடி யோசிக்காமல் சொல்லக்கூடியது அதுதான். 'அத்தை, இன்னைக்கு உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?' என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால், ஏழு நாளும் ஒரே பண்டம் வந்திருக்காது.

இதில் உன்னை மட்டும் நிற்க வைத்துத் திட்டினால் அது அநியாயம். அவர் உன் கணவரைப் பெற்றவர். வந்தவர்களும் அவருடைய நண்பர்கள். 'அம்மா சாப்பிட்டாச்சா' என்று எட்டு மணிக்கு ஒரு போன் போட அவருக்கு என்ன வந்தது? பெற்றவளின் ராத்திரிச் சாப்பாடு முதலில் மகன் கணக்கு, பிறகுதான் மருமகள் கணக்கு. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. அதே வாயால் இப்போது 'வீட்டிலேயே சமைத்துவிடு' என்கிறாரே, யார் சமைப்பது? வேலைக்கும் போய்க்கொண்டு, ஆறு பேருக்கும் மாமியாருக்கும் ஏழு நாள் நீ ஒருத்தி அடுப்பில் நிற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்கிறாய். ஏன் மறுக்கிறார் என்று கேட்டாயா? காசா, அம்மாவா? இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடு. படித்து முடித்துவிட்டுப் பேசட்டும்.

வெளியே சாப்பிடப் போகிற அன்றைக்குச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன், முக்கால் மணி நேர வேலை. இரண்டு சப்பாத்தி, பாசிப்பருப்பு போட்ட பீன்ஸ் கேரட் கூட்டு, ஒரு ரசம். அளவு அவர் வழக்கமாகச் சாப்பிடுவதுதான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரம் ஆகும். குக்கரில் வை, கீழே கோவையில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடு. ஹாட் பாக்ஸில் அப்படியே எடுத்துப் போடாதே. உங்கள் ஊரில் அதன் உள் பாத்திரம் ஐஸ் மாதிரி இருக்கும், சூட்டை முதல் பத்து நிமிஷத்திலேயே குடித்துவிடும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி ஐந்து நிமிஷம் வைத்து, கொட்டித் துடைத்துவிட்டு அதன் பிறகு சப்பாத்தியைத் துணியில் சுற்றி வை. ரசத்துக்கு ஃபிளாஸ்க், அதற்கும் இதே வைத்தியம். கிளம்பும்போது மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போ. எட்டு மணிக்கு மகன் போன் செய்யவேண்டும். நீ இல்லை, மகன்.

பார்சல்தான் வாங்குவது என்றால், எட்டு மணிக்கு முன் வீட்டில் இருக்கவேண்டும். கணவர் ஆறரைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். இட்லியும் இடியாப்பமும் சூடு தாங்கும். பரோட்டா ஆறினால் ரப்பர், தோசை நமநமத்துப் போகும். பாத்திரம் நீங்களே கொண்டுபோங்கள். சூடான சாம்பாரை எவர்சில்வர் தூக்கில் வாங்கினால்தான் வீடு வரும்வரை சாம்பாராக இருக்கும்.

இனி நீ கேட்டது.

மொத்தம் 24,900. மூன்று தம்பதிகள். ஆளுக்கு என்று பார்க்காதே, ஜோடிக்கு 8,300. 4,200 கொடுத்தவர் இன்னும் தரவேண்டியது 4,100. 1,800 கொடுத்தவர் தரவேண்டியது 6,500. இரண்டும் சேர்ந்தால் 10,600. உன் கணவர் கூடுதலாகக் கொடுத்ததும் அதேதான். நடுவில் யாராவது சைவம் என்றால் கறி ஐட்டங்களைத் தனியே கழித்துவிட்டுப் போடு. இதைக் கேட்பதில் மனம் நோக என்ன இருக்கிறது? மே மாதமே கேட்டிருந்தால் அது கணக்கு. மாதக்கணக்கில் மனதில் வைத்திருந்து கேட்டால்தான் குறையாகத் தொனிக்கிறது. மூன்று பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், கணவர் பெயரில், பில் போட்டோக்களோடு அனுப்பச் சொல்: 'டிசம்பருக்குப் பிளான் போடறதுக்கு முன்னாடி மே கணக்கை முடிச்சிடலாம். உன் பங்கு இவ்வளவு, அவன் பங்கு இவ்வளவு. இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க.' அவ்வளவுதான். 'கஷ்டமா இருந்தா பரவாயில்லை' என்று வாலை ஒட்டாதே. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் தப்பிப்பார்கள்.

டிசம்பரில் வந்து இறங்கிய அன்றே ஜோடிக்கு ஐயாயிரம் போட்டு ஒரு பொதுப் பர்ஸ். வைத்துக்கொள்பவர் உன் கணவராக இருக்கக் கூடாது, வந்தவர்களில் ஒருவர். பர்ஸ் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கினால் மறுபடி எல்லோரும் சமமாகப் போடவேண்டும். பில் வந்ததும் கடைசி வரிகளைப் படிக்கட்டும். சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 ஆகலாம். சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமில்லை, பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடு.

ஆர்டர் கொடுப்பதிலும் காசு கரைகிறது. ஆறு பேருக்கு எடுத்த எடுப்பில் பன்னிரண்டு ஐட்டம் சொன்னால், மலைக் குளிரில் பாதி ஆறிப்போய்க் கறிக்குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து நிற்கும், அப்படியே மிஞ்சும். இரண்டு தவணையாகச் சொல்லுங்கள். முதலில் சூப் மூன்று, ஒன் பை டூவாக. தொட்டுக்கொள்ள இரண்டு ஐட்டம். அது முடியும்போது மூன்று கிரேவி, ரொட்டி பத்து, ஒரு ரைஸ். போதாவிட்டால் கேட்டால் வரப்போகிறது. ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் சீசன் கூட்டத்தில் மேஜைக்குக் காத்து நிற்கவேண்டாம், ஒன்பதுக்கு வீட்டில் இருக்கலாம்.

ஏழு நாளில் நாலு ராத்திரி வெளியே போங்கள். இரண்டு ராத்திரி வீட்டில், இட்லியும் கறிக்குழம்பும். வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வந்த ஆண்கள் வேலை. மூன்று டம்ளர் இட்லி அரிசிக்கு முக்கால் டம்ளர் உளுந்து போட்டால் நாற்பது இட்லி வரும். டிசம்பர் ஊட்டியில் மாவு ஒரு ராத்திரியில் பொங்காது என்று உனக்கே தெரியும். முந்தின நாள் மத்தியானமே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் போர்வை சுற்றி வை.

மீதி ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு. தலைகுந்தாவில் உறைபனி விழுகிற மாதம், ராத்திரியில் அத்தையை வெளியே இழுக்காதே. பன்னிரண்டரைக்கு, வெயில் இருக்கும்போது. மத்தியானத்துக்கும் மாத்திரை இருந்தால் கையோடு எடுத்துப் போ. மேஜையில் சாப்பாடு வந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும். எந்த ஓட்டல் என்பதை அவரிடமே கேள். போன் செய்து இடம் சொல்லும்போது படி ஏறவேண்டாத தரைத்தளமா, கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, ஏழு பேர் என்று சொல்.