பிரித்தால் கார், பிரிக்காவிட்டால் அட்டை

கேள்வி: பொம்மை கார் சேகரிப்பவர்கள் ஏன் அட்டையையும் பிளாஸ்டிக் மூடியையும் பற்றி இவ்வளவு புலம்புகிறார்கள்? வாங்கினோமா, பிரித்தோமா, அலமாரியில் வைத்தோமா என்று இருக்க முடியாதா?

இருக்கலாமே. என் அக்கா பையன் அப்படித்தான் இருக்கிறான். ஐந்து வயது. கையில் கொடுத்த அரை நிமிடத்தில் அட்டை ஒரு மூலை, பிளாஸ்டிக் ஒரு மூலை, கார் கட்டிலுக்கு அடியில். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பதினான்கு வருடமாக 1:64 அளவு உலோகக் கார்கள் சேர்க்கிறேன். ஆள்காட்டி விரல் நீளம் இருக்குமே, அந்த அளவு. நானூறைத் தாண்டிவிட்டது. அதில் முக்கால்வாசி இன்னும் அட்டையிலேயே இருக்கின்றன.

முதலில் அந்த அட்டை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காரின் மேல் குமிழ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. அட்டையின் முகத்தில் சூட்டில் இளகும் ஒரு பூச்சு இருக்கும். மூடியை வைத்து சூடாக அழுத்தினால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். பெயர் பிளிஸ்டர். மாத்திரை அட்டைக்கும் அதே பெயர், ஏறக்குறைய அதே வித்தை. ஆஸ்பத்திரிக்கு எதிரே தெரு நீளத்துக்கு மருந்துக்கடை இருக்கிற எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்த பிறகு அந்த அட்டையை என்ன செய்வீர்கள்? அதேதான். ஒருமுறை பிரித்தால் பிரித்ததுதான், திரும்ப மூட வழியே கிடையாது.

என் புலம்பல் மொத்தமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. காரைத் தொட வேண்டுமென்றால் அட்டையைக் கொல்ல வேண்டும். அட்டை பிழைக்க வேண்டுமென்றால் காரைத் தொடவே கூடாது. சேகரிப்பவர்களிடையே 'கார்டட்', அதாவது அட்டையோடு இருந்தால் ஒரு விலை, 'லூஸ்', அதாவது பிரித்தது என்றால் வேறு விலை. அட்டையின் ஒரு முனை மடங்கியிருந்தால், அதை 'சாஃப்ட் கார்னர்' என்பார்கள், அதற்கு இன்னொரு விலை. உள்ளே இருக்கிற கார் மூன்றிலும் ஒன்றேதான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் லெஸ்னி என்றொரு கம்பெனி. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று இரண்டு பேர் 1947இல் தொடங்கி, தங்கள் பெயர்களிலிருந்தே அதற்கும் பெயர் வைத்தார்கள். அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவர விடுவார்களாம். மகளுக்காகப் பித்தளையில் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953இல் வந்ததுதான் மேட்ச்பாக்ஸ் வரிசை. ஒவ்வொரு காரும் தீப்பெட்டி மாதிரி அச்சடித்த சின்ன அட்டைப்பெட்டிக்குள். பையன் எடுத்து விளையாடலாம், ராத்திரி திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடலாம். அறுபது எழுபது வருடம் கழித்துப் பெட்டியும் காரும் ஒன்றாகக் கிடைப்பது அதனால்தான்.

அப்படி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வீடு காலி செய்த ஒரு குடும்பத்திடமிருந்து வந்தது. பச்சை லேண்ட்ரோவர், மஞ்சளும் நீலமுமாகப் பெட்டி. அதை முதலில் எங்கள் ஆயாவிடம்தான் காட்டினேன். ஆயாவுக்குக் குடியாத்தம். கல்யாணமான நாளிலிருந்து கண் மங்கும்வரை வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டியவர். குரோஸ் கணக்கில் கூலி, குரோஸ் என்றால் 144 பெட்டி. லேண்ட்ரோவர் பெட்டியை வாங்கியதும் கட்டைவிரலால் ஓரத்தைத் தள்ளிப் பார்த்தார். உள்பெட்டி வெளியே வரவில்லை. வராது, ஏனென்றால் அதில் உள்பெட்டியே கிடையாது. ஓரத்தில் மடிப்பு மட்டும்தான்.

"பேருதான் தீப்பெட்டி. உள்பெட்டி எங்கடா?" என்றார். பிறகு மடிப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "ஒட்டு நல்லா கீது" என்று திருப்பிக் கொடுத்தார். காரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அடுத்து என் பையிலிருந்து புதுசாக வாங்கிய பிளிஸ்டர் கார் ஒன்றை எடுத்துக் காட்டினேன். திறக்கிற இடம் எங்கே என்று நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். இல்லை என்றேன். "அப்ப இது பெட்டியே இல்லடா" என்றார்.

1968இல் அமெரிக்காவில் மாட்டெல் கம்பெனி ஹாட் வீல்ஸை இறக்கியபோது கார்கள் அட்டையில்தான் வந்தன. அங்கே ஆள் தானே எடுத்துக்கொள்ளும் கடைகள். கொக்கியில் தொங்க வேண்டும், எதிரே வருகிறவன் கண்ணில் பட வேண்டும், யாரும் சட்டைப்பையில் சுருட்டிக்கொண்டு போகவும் கூடாது. விரல் நீளப் பொருளுக்கு உள்ளங்கை அகல அட்டை வந்த காரணம் இதுதான். லாங் பஜாரில் இன்றைக்கும் எடுத்துக் கொடுப்பவர் கடைக்காரர்தான். கல்லாவுக்குப் பின்னால், அவர் தலைக்கு மேலே தொங்குகிறது சரக்கு. திருட வழியே இல்லாத இடத்திலும் திருட்டுக்குப் பயந்த அட்டை.

அதை அவர் எடுத்துத் தரும் அழகைப் பார்க்க வேண்டும். குச்சியால் தட்டுவார். விழுகிறதைப் பிடித்தால் உங்கள் அதிர்ஷ்டம். நான்கைந்தைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார், அட்டை ஓரத்தில் அது வெட்டிய கோடு நிலைத்திருக்கும். ஒருமுறை மேலே இருக்கிற இன்னொன்றை எடுங்கள், இதன் முனை மடங்கியிருக்கிறது என்றேன். "இன்னா சார், அட்டையவே திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீறீங்க. உள்ள காரு கீதா இல்லியா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான கேள்வி.

கடைக்காரரை விடுங்கள், எங்கள் ஆட்களே குறைந்தவர்கள் இல்லை. ஹாட் வீல்ஸில் டிரெஷர் ஹண்ட் என்று ஒரு வகை உண்டு. 1995இல் தொடங்கியபோது 12 கார்கள், ஒவ்வொன்றிலும் 10,000 மட்டும் செய்தார்கள். அதிலேயே இன்னும் அரிதான, இப்போதைய 'சூப்பர்' வகையில் காருக்குப் பின்னால், அட்டையின் மேல், பொன்னிறத்தில் ஒரு சுடர் அடையாளம் இருக்கும். அது தெரிகிறதா என்று குமிழை அமுக்கியும் அட்டையை வளைத்தும் பார்த்துவிட்டு, இல்லையென்றால் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து வருகிறவனுக்கு நசுங்கிய குமிழ்.

அப்புறம் ஸ்டிக்கர். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்தின் மேல் இறக்குமதி செய்தவர் பெயர், விலை, மாதம், புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. நல்ல விதி, வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு. ஆனால் அதை ஓவியத்தின் முகத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பின்பக்கம் அவ்வளவு இடம் இருக்க, நான் ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய ஒரு அட்டையில் சரியாகக் காரின் படத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். முடி உலர்த்தும் மெஷினைச் சூடாக்கிக் காட்டினால் ஸ்டிக்கர் வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஸ்டிக்கர் வந்தது. கூடவே குமிழின் ஒரு பக்கமும் வந்தது. சூட்டில் ஒட்டியது சூட்டில் விடும் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்காததால் அடுத்த அடி கத்திரி வெயிலில் விழுந்தது. வேலூர் வெயில் பற்றி யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம், 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் செய்தியே அல்ல. மாடியில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று சும்மா கிடந்தது. சேகரிப்பை அங்கே மாற்றினேன். மே மாதக் கடைசியில் ஒரு மதியம் கதவைத் திறந்தால், சுவரில் இருந்த அட்டைகள் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. காகிதம் ஈரம் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. இரண்டும் இழுத்துக்கொண்டதில் அட்டை வளைந்துவிட்டது. ஏழெட்டில் குமிழ் தானாகவே கழன்று, கார் தரையில் கிடந்தது. யாரும் தொடவே இல்லை! ஜன்னல் ஓரத்தில் இருந்தவற்றின் குமிழ் வெயிலில் மஞ்சள் பூத்திருந்தது.

வெயில் தப்பினால் பூச்சி. ராமபாணத்துக்கு அட்டையும் பசையும் விருந்து. அதற்குப் பயந்து நாப்தலின் உருண்டை போட்டுவிடாதீர்கள். பாலிஸ்டைரீன் மாதிரியான பிளாஸ்டிக்கை அதன் ஆவி இளக்கிவிடும்.

பொம்மை மனிதர்களைச் சேர்ப்பவர்கள் கதை வேறு. காட்பாடியில் படிக்கிற ஒரு தம்பி ஆறு அங்குல உருவங்கள் வாங்குகிறான். ஹாஸ்ப்ரோ கம்பெனி பிளாஸ்டிக்கைக் குறைப்பதாக 2019இல் அறிவித்தது. 2022இல், உள்ளே இருப்பதைக் காட்டும் பெட்டியின் பிளாஸ்டிக் ஜன்னலே போய்விட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் உருவத்தின் முகத்தில் கண் கோணலாக வரைந்திருக்கிறதா, உள்ளே இருப்பது அதேதானா என்று பார்க்க வழியில்லை. "முகம் பாக்காம தாலி கட்ற மாதிரி இருக்குண்ணா" என்பான். சேகரிப்பவர்கள் உலகம் முழுக்கக் கத்தியதில் 2023இல் ஜன்னல் திரும்பி வரும் என்று அறிவித்தார்கள். அந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் நிற்கிறேன். வருடத்துக்குச் சில கிலோ பிளாஸ்டிக்கை 'பத்திரப்படுத்துகிற' ஆள் சுற்றுச்சூழல் பேசினால் வீட்டிலேயே சிரிப்பார்கள்.

இன்னொன்று, பழைய வட ஆற்காட்டுக்காரனாக இதைச் சொல்லாமல் விட முடியாது. எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் பொம்மைக் கம்பெனிக்கு இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அவர்கள் ஒரு காலத்தில் இந்தியாவில் செய்த ஜி.ஐ. ஜோ பொம்மை வீரர்களை, கோவாவில் செய்தவை, இன்று அமெரிக்காவில் தேடித் தேடி வாங்குகிறார்கள். அங்கே இல்லாத நிறங்களில் வந்தவை என்பதால். அந்த அட்டையின் பின்னால் வீரனின் பெயர், வேலை எல்லாம் போட்டு, புள்ளிக்கோட்டில் கத்தரித்து வைத்துக்கொள் என்றிருக்கும். நாங்களும் சமர்த்தாகக் கத்தரித்தோம். சொன்னபடி கேட்ட பிள்ளைகளின் அட்டைக்கு இன்று மதிப்பில்லை, சோம்பேறிகளின் அட்டைக்கு நல்ல விலை.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் பிரிக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். அந்த மே மாதத்துக்குப் பிறகு பிரிக்கத் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றையும் அல்ல. முழுசாக இருப்பவை கீழே வடக்குப் பார்த்த அறைக்கு வந்துவிட்டன. ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், தனித்தனி கெட்டி பிளாஸ்டிக் உறையில் நிற்க வைத்திருக்கிறேன். முனை மடங்கியது, ஸ்டிக்கர் ஒட்டியது, குமிழ் விட்டது ஆகியவற்றுக்கு மட்டும் விடுதலை. முன்பக்கக் குமிழைப் பிய்க்காதீர்கள், ஓவியம் கிழியும். அட்டையின் பின்பக்கத்தில், குமிழின் விளிம்புக்குள் அடங்குகிற மாதிரி மூன்று பக்கம் பிளேடால் கீறிக் கதவு மாதிரித் திறந்தால் கார் வந்துவிடும், முன்பக்கம் அப்படியே நிற்கும். கத்தரிக்கோல் வேண்டாம். வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு மீன் முள்ளைவிட மோசம், என் இடது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

வெளியே வந்த கார்களுக்குப் பெட்டி வேண்டுமே. இப்போது நானே ஒட்டுகிறேன். மேல்பெட்டி, உள்பெட்டி, இரண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரியான கனம், வீட்டுக்கு வந்து குவிவதும் அதுதான். பசைக்கு மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம், பூச்சி வராமல் இருக்க. அதைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும், அக்கா பையன் இருக்கும்போது செய்வதில்லை. உள்பெட்டி சட்டென்று கைக்கு வந்துவிட்டது, மேல்பெட்டிதான் இன்னும் ஒரு நூல் இறுக்கமாகவே விழுகிறது. இதுவரை 16 முடித்திருக்கிறேன். ஒரு குரோஸுக்கு இன்னும் 128 பாக்கி.