நெருப்புல ஓடுற குட்டி எஞ்சின்ல வேலை வாங்க முடியுமா?

கேள்வி: என் மகன் ஃபார்ம் ஃபோர் படிக்கிறான். ஆன்லைன்ல ஒரு குட்டி எஞ்சின் வாங்கியிருக்கான், ஸ்பிரிட் விளக்க பக்கத்துல வச்சா நெருப்பையே உள்ள இழுத்துக்கிட்டு சக் சக்குன்னு ஓடுது. பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு அதுல கைப்பேசி சார்ஜ் பண்ணிக் காட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். ஆனா டைனமோவ மாட்டுன உடனே எஞ்சின் நின்னுடுது. இது எதுக்காச்சும் உதவுமா, இல்ல வெறும் பொம்மையா? (ஒரு அம்மா, செந்தூல்)

பதில்: பொம்மைன்னு ஒதுக்கிடாதீங்கம்மா, தம்பி குடுக்குற வேலைதான் அதுக்கு ஒத்துவராத வேலை. கைப்பேசிக்கு சாதாரண சார்ஜுன்னாலே 5 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது 5 வாட் வேணும். இந்த சைஸ் எஞ்சின் 1 வாட்ல பத்துல ஒரு பங்கு குடுத்தாலே நான் கை தட்டுவேன்.

அது எப்படி ஓடுதுன்னு மொதல்ல தம்பிக்கு சொல்லுங்க. நெருப்பு பிஸ்டன தள்ளுதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. பிஸ்டன் வெளிய போறப்ப சுடுகாத்து உள்ள வருது, வால்வு மூடிக்குது, உள்ள மாட்டிக்கிட்ட காத்து சிலிண்டர் சுவத்துல பட்டு ஆறுது, ஆறுனா அழுத்தம் கொறையுது, அப்ப வெளிய நம்மள சுத்தி இருக்குற காத்துதான் பிஸ்டன உள்ள அமுக்குது. அந்தக் காத்தோட அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ. பிஸ்டன் 2 சென்டிமீட்டர் அகலம்னா உள்ள முழு வெற்றிடமே ஆனாலும் 3 கிலோ சுமைக்குதான் தாங்கும், நெஜத்துல கெடைக்கிறது அதுல சின்னப் பங்கு.

இதுல இருந்தே நம்ம ஊரு பிரச்சினையும் புரிஞ்சிடும். காத்து ஆறுனாத்தான் சக்தி, கோலாலம்பூர்ல வீட்டுக்குள்ளயே 31, 32 டிகிரி இருக்கு, கொஞ்ச நேரம் ஓடுனதும் சிலிண்டர் கொதிச்சிப்போயி எஞ்சின் சோந்துடும். அதுக்காக ஐஸ் வச்சி ஒரேடியா குளிர வச்சிடாதீங்க, ஸ்பிரிட் எரியறப்ப வர்ற நீராவி உள்ள தண்ணியா படிஞ்சி பிஸ்டன் ஒட்டிக்கும், அதனாலதான் ஆரம்பத்துல ஒரு நிமிஷம் இடக்கு பண்ணும். திரிய சின்னதா வைங்க, சீலிங் ஃபேன மூடிடுங்க. ஃபேன் ஓடுனா நெருப்பு ஆடும், வால்வு வாய விட்டு நெருப்பு நகந்துச்சுன்னா எஞ்சின் நின்னுடும், பாதிப் பேரு கெட்டுப் போச்சின்னு சொல்றது இதத்தான்.

இப்ப வேலை. டைனமோவ தூக்கி ஓரமா வச்சிட்டு மொதல்ல எஞ்சினோட பலத்த அளந்து பாக்கச் சொல்லுங்க. அச்சுல ஒரு நூலக் கட்டி, நுனியில 100 கிராம் எடை தொங்கட்டும். அது 1 மீட்டர் ஏற 10 விநாடி ஆச்சின்னா சக்தி கிட்டத்தட்ட 0.1 வாட். இந்த ஒரு நம்பர் கையில இருந்தா ப்ராஜெக்ட்டுக்கு அதுவே பாதி மார்க்குன்னு நான் சொல்வேன், ஏன்னா கண்ணால பாத்தத கணக்கால சொல்றான் புள்ள. எடை ஏறலன்னா எஞ்சின்ல இருந்து ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பெரிய சக்கரத்த சுத்தவிட்டு அதோட அச்சுல நூலச் சுத்துங்க, மெதுவா ஏறும் ஆனா ஏறும். எஞ்சின் நல்லா வேகம் புடிச்ச பிறகுதான் சுமைய குடுக்கணும், ரப்பர் பேண்ட தளர்வா விட்டு விரலால மெல்ல இறுக்கிக் குடுங்க.

டைனமோதான் வேணும்னா பொம்மை கார் மோட்டர் வேணாம், அத விரலால சுத்துனா கடக் கடக்குன்னு காந்தம் புடிக்கும், அந்தப் பிடிக்கே எஞ்சின் செத்துடும். எலக்ட்ரானிக் சாமான் கடைங்க இருக்குற ஜாலான் பாசார் பக்கம் போயி பழைய சிடி ப்ளேயர் மோட்டர் மாதிரி வழுவழுன்னு சுத்துறதா ஒண்ணு கேட்டு வாங்குங்க. சிவப்பு எல்இடி 2 வோல்ட் வந்தாலே எரியும், வெள்ளைக்கு 3 வோல்ட் வேணும், அதனால சிவப்புல ஆரம்பிக்கட்டும்.

எனக்குப் பிடிச்சது என்னன்னா விசிறிதான். கரண்ட் வராத காலத்துல வெள்ளக்காரன் ஆட்சி இந்தியாவுல மண்ணெண்ணெய் விளக்க கீழ வச்சி மேல விசிறி சுத்துற சுடுகாத்து எஞ்சின் இருந்துச்சி, அது ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஸ்டிர்லிங் 1816ல காப்புரிமை வாங்குன எஞ்சின் வகை. அதே வகையதான் நெதர்லாந்து ஃபிலிப்ஸ் கம்பெனி 1930கள்ல கையில எடுத்துச்சி, கரண்ட் இல்லாத எடத்துல ரேடியோ ஓட்ட. விசிறிக்கு ஆரம்பத்துல பலமே வேணாம், வேகம் ஏற ஏறத்தான் சுமை ஏறும், பலவீனமான எஞ்சினுக்கு இதவிடத் தோதான வேலை கெடையாது. மெல்லிசான பிளாஸ்டிக் இறக்கை போதும், ஆனா காத்து நெருப்பு பக்கம் திரும்பாம ஒரு தகரத்த தடுப்பா வைங்க.

ஒண்ண மட்டும் கண்டிப்பா கேளுங்க. மெத்தனால் ஊத்தவே வேணாம், அது விஷம், எரியறப்ப பகல் வெளிச்சத்துல நெருப்பு கண்ணுக்கே தெரியாது. எத்தனால் ஸ்பிரிட் வாங்குங்க, விளக்கு எரியறப்ப மேல ஊத்தக்கூடாது, அணைச்சி ஆற விட்டுதான் ஊத்தணும். அடியில ஒரு தகரத் தட்டும் இருக்கணும்.

கேள்வி: ஸ்பிரிட்டுக்கு பதிலா தேங்காய் எண்ணெய் அகல் விளக்கு வைக்கலாமா அண்ணே? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: நெருப்ப உள்ள இழுக்குற எஞ்சினுக்கு வேணாம் தம்பி, கரி வால்வுல படிஞ்சி ரெண்டு தடவையில அடைச்சிக்கும். ஸ்டிர்லிங் எஞ்சின்னா நெருப்பு வெளியவே நிக்குது, அதுக்கு வைக்கலாம், கரிய அப்பப்ப துடைச்சி விடுங்க.

கேள்வி: சூடான தே தாரிக் கிளாஸ் மேல வச்சா ஓடுற எஞ்சின் ஒண்ணு வாங்குனேன், வீட்டுல ரொம்ப மெதுவா சுத்துது. (ஜார்ஜ்டவுன் வாசகி)

பதில்: கீழ 70 டிகிரி, மேல 31 டிகிரின்னா வித்தியாசம் 39தான், அந்த வித்தியாசத்துலதான் அது வாழுது. மேல் தட்டுல ஒரு ஐஸ் கட்டிய வச்சிப் பாருங்கம்மா, தண்ணி அச்சுல இறங்காம ஒரு சின்ன தட்டுல வைங்க. எண்ணெய் மட்டும் போட்டுடாதீங்க, அந்தப் பிசுக்கே அத நிறுத்திடும்.