தூக்கிப் போடுவதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ஜூடோவில் 48 கிலோ பிரிவில் மாநிலப் போட்டிக்குத் தயாராகிறாள். எடை 51-ஐத் தாண்டிவிட்டதால் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், காலையில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. பயிற்சியில் தினமும் தூக்கிப் போடுவதால் கர்ப்பப்பை கெட்டிருக்கும், பின்னால் குழந்தை தங்காது என்கிறார்கள் உறவினர்கள். இணையத்தில் தேடினால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று வருகிறது. மாதவிலக்கு வர மெடிக்கலில் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா? முழங்காலில் சொடக்குச் சத்தம் வருகிறது, நாடித்துடிப்பு 54தான், கை கால் கன்றிப்போகிறது. முன்னங்கால் எலும்பில் ஓரிடத்தில் வலி என்கிறாள், தைலம் தேய்க்கிறோம்.
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மாத்திரையில் உதிரம் வந்தாலும் அது மாத்திரையால் வந்ததுதான். நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள், காரணம் உள்ளே அப்படியே இருக்கும். எதற்காக நின்றது என்று பார்க்காமல் 15 வயதுப் பெண்ணுக்கு ஹார்மோனை எடுத்துக் கொடுக்கும் மெடிக்கல்காரரை என்ன சொல்வது?

கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. முறையாக விழக் கற்றவளை நாள் முழுக்கத் தூக்கிப் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. உறவினர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பிசிஓடி கதையையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் நன்றாக இருக்கும் பெண்களுக்கே சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரியும். அதை மட்டும் வைத்து முத்திரை குத்தக் கூடாது.

பெரும்பாலும் இங்கே நடந்திருப்பது இதுதான்: உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லை. சாப்பாடு போதாதபோது மூளை சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும், மாதவிலக்கு நிற்கும். எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில் இது சகஜம். 'போட்டி நேரத்தில் தொந்தரவு இல்லையே' என்று சில கோச்சுகள் சந்தோஷப்படுவதும் சகஜம். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சரியாகச் சாப்பிட்டால் இது பொதுவாகத் திரும்பிவிடும். குழந்தைப் பேற்றை நினைத்து இப்போதே அழ வேண்டாம்.

நான் பயப்படுவது நீங்கள் கடைசியாக எழுதிய அந்தக் கால் வலிக்கு. இப்படி மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் குறைந்திருக்கும். எலும்பு கெட்டிப்படுவது அதை நம்பித்தான். ஒரு பெண்ணின் எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி 18 வயதுக்குள் முடிந்துவிடுகிறது, உங்கள் மகள் அந்தச் சேமிப்புக் காலத்தில் இருக்கிறாள். இந்த நிலையில் தினமும் ஓடினால் எலும்பில் மயிரிழை போல விரிசல் விழலாம். விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால், ஓடும்போது வலி கூடினால், அதைத் தசைவலி என்று நினைத்துத் தைலம் தேய்க்காதீர்கள். இன்றே ஓட்டம், ஸ்கிப்பிங், குதிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். 'மாதவிலக்கும் நான்கு மாதமாக இல்லை' என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், அவர் கேட்காமல் விட்டுவிடலாம். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்று மறுநாளே ஓட அனுப்பிவிடாதீர்கள். வலி இருந்தால் எம்ஆர்ஐ தேவைப்படும்.

அதோடு மகளிர் மருத்துவரையும் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், இரும்புச்சத்து பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். கோபப்படாதீர்கள், மாதவிலக்கு நின்ற யாருக்கும் முதலில் செய்வது அதைத்தான்.

மற்றவை? வலியும் வீக்கமும் இல்லாத சொடக்குச் சத்தம் ஒன்றுமில்லை. பயிற்சி செய்கிறவளுக்கு, மயக்கம் எதுவும் இல்லையென்றால், 54 துடிப்பு இருக்கலாம். ஆனால் சாப்பாடு குறைந்தாலும் துடிப்பு இறங்கும், அதனால் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். ஜூடோ ஆடினால் கன்றத்தான் செய்யும். அடிபடாமலே கன்றினாலோ ஈறில் ரத்தம் வந்தாலோ மட்டும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

ரெயின்கோட்டை மடித்து வையுங்கள். அதில் கரைவது கொழுப்பு இல்லை, தண்ணீர். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வியர்த்து எடை குறைக்கப் போய் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள்.

அப்புறம், 48 கிலோ என்பது யார் எடுத்த முடிவு? வளர்கிற பெண் போன வருட எடையிலேயே நிற்க மாட்டாள். அடுத்த பிரிவு 52. 2022-இல் சராயேவோவில் 57 கிலோ பிரிவில் உலக கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) ஜூடோ தங்கம் வென்ற மணிப்பூரின் லிந்தோய் சனம்பம், பிறகு 63 கிலோவுக்குப் போய் ஆடினார். நான்கு நிமிட ஆட்டம் சமமாகி, முதல் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் கூடுதல் நேரமான கோல்டன் ஸ்கோருக்குப் போனால், பட்டினி கிடந்தவளின் பிடிதான் முதலில் தளரும். உடல் தகுதி என்று கோச் சொல்வதில் சாப்பாடும் சேர்த்தி.

இரவுச் சாப்பாடு இன்றே திரும்ப வேண்டும். பயிற்சிக்கு முன் இட்லியோ வாழைப்பழமோ, முடிந்ததும் அரை மணி நேரத்துக்குள் முட்டை, சுண்டல், பால் என்று ஏதாவது. புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கும் காசில் கடலை மிட்டாய் வாங்குங்கள். மாதவிலக்கு திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் எடை 53 ஆகிவிட்டது என்று பதறி எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். எலும்பு மருத்துவர் அனுமதித்தால் அதுவரை ஜூடோ விரிப்பில் தரைப் பிடிகளையும் கைப்பிடியையும் பழகட்டும். ஓட்டம் அவர் சொன்ன பிறகுதான்.